ஐம்பதாவது நம்பர்

வேலைக்குச் சேர்ந்த அன்று ஒவ்வொருவரும் ஐம்பது போன் நம்பர் எழுதிக் கொடுக்க வேண்டும். பேர், வயது, தொழில், நமக்கு என்ன உறவு, கையில் என்ன இருக்கிறது: நிலமா, நகையா, வங்கி வைப்பா, சும்மா அலமாரியில் தூங்கும் பணமா. ஐம்பதுக்கு ஒன்று குறைந்தாலும் அடையாள அட்டை தர மாட்டார்கள்.

எனக்கு நாற்பத்தாறு வந்தது. கல்லூரியை இரண்டாம் வருடத்தில் விட்டவனுக்கு அதற்கு மேல் ஆள் தெரிந்திருக்க நியாயமில்லை. முடி வெட்டுகிறவர், பழைய வீட்டுக்காரர், பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கும் பெண் என்று நாற்பத்தொன்பது வரை இழுத்துவிட்டேன். ஐம்பதாவதாக மாமாவின், என் அக்கா கணவரின், நம்பரை எழுதினேன். கடைசல் பட்டறைக்காரர். வங்கியில் பணம் போடுவதையே ஏமாளி வேலை என்பவர். கடைக்காரன் தர வேண்டிய சில்லறையை ஒரு மாதம் கழித்தும் ஞாபகமாகக் கேட்டு வாங்குகிறவர். அவரிடம் எவன் பருப்பும் வேகாது. அதனால்தான் தைரியமாக எழுதினேன்.

தன் பட்டியலில் இருப்பவர்களிடம் தானே பேசக் கூடாது என்பது அங்கே விதி. குரல் தெரிந்துவிடும் என்பது சொல்லப்பட்ட காரணம். குரல் நடுங்கிவிடும் என்பது சொல்லாத காரணம். அதனால் பக்கத்து நாற்காலியோடு பட்டியலை மாற்றிக்கொள்வோம். என் சொந்தம் அவனுக்கு, அவன் சொந்தம் எனக்கு. கேட்பதற்கு சம்பந்தம் பேசுவதுபோல இருக்கும்.

என் பக்கத்து நாற்காலி டியூஷன். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து வாடகை கட்ட முடியாமல் இங்கே வந்தவன், அதனால் அந்தப் பேர். கணக்கு வாத்தியாரின் பொறுமை குரலில் அப்படியே இருந்தது. எதிர்முனையில் என்ன அபத்தமாகக் கேட்டாலும் "நல்ல கேள்வி சார்" என்று தொடங்குவான்.

டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. ஜன்னல்களில் கறுப்புத் தாள். எப்போதும் ரப்பர் வாடை. இருபத்திரண்டு நாற்காலிகள். மாலை ஆறு முதல் விடிகாலை ஆறு வரை ஷிப்ட். வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் ஒரு மனிதன் தன் வாழ்க்கையைப் பற்றி யோசிப்பான். அந்த நேரம் பார்த்து நாங்கள் கூப்பிடுவோம்.

போனில் படித்துக் காட்ட முதலில் அவர்கள் கொடுத்த தாளில் "அந்நியச் செலாவணி வர்த்தகம் ஏனைய முதலீடுகளைக் காட்டிலும் உடைய அனுகூலங்கள்" என்று இருந்தது. நான் சிரித்தேன். மேற்பார்வை பார்த்த மேடம் சிரிக்கவில்லை.

"சிரிக்கத் தெரியுதுல்ல? அப்ப நீயே எழுதிக் கொடு. நாளைக்குள்ள."

எழுதினேன். பேசுகிற மாதிரி எழுதினேன்.

"நிலம் வெச்சிருக்கீங்க. திடீர்னு பணம் வேணும். ராத்திரி ரெண்டு மணிக்கு நிலத்தை விக்க முடியுமா? கரன்சியை விக்கலாம். ராத்திரியில சந்தை தூங்கறதே இல்ல.

"தங்கம் ஏறினாத்தான் லாபம். இறங்கினா தலையில துண்டு. கரன்சி ஏறினாலும் சம்பாதிக்கலாம், இறங்கினாலும் சம்பாதிக்கலாம். எந்தப் பக்கம் போகும்னு சொன்னாப் போதும்.

"வங்கியில போட்டா வட்டி வர்றதுக்குள்ள விலைவாசி வந்து அதைத் தின்னுட்டுப் போயிடும்.

"நூறு பங்கு வியாபாரம் பண்ண ஒரு பங்கு பணம் போதும். மீதியை நாங்க தாங்கறோம். நிலத்துல எவன் தாங்குவான்?

"கடைசியா ஒண்ணு. இதுல யாரையும் கேக்க வேண்டியதில்ல. தரகர் இல்ல, பத்திரம் இல்ல, சாட்சி இல்ல. நீங்க, உங்க விரல். அவ்வளவுதான்."

இதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. மேடம் இரண்டு தடவை படித்துவிட்டு, இருபத்திரண்டு பிரதி எடுக்கச் சொன்னார். அன்று முதல் அந்த அறையில் எல்லோரும் என் வாயால் பேசினார்கள்.

தாளில் எழுதாதது ஒன்று உண்டு. வாடிக்கையாளர் ஏறும் என்று பணம் கட்டினால், இறங்கும் என்று எதிர்ப்பக்கம் நிற்பது எங்கள் கம்பெனிதான். அவர் ஜெயித்தால் எங்களுக்குச் செலவு. தோற்றால் அதுதான் எங்கள் சம்பளம்.

சுவரில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம், பக்கத்தில் நாள். முதல் பணம் விழுந்த அன்று 1 என்று எழுதுவார்கள். ஷிப்ட் தொடங்கும்போது மேடம் ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கூட்டி எழுதுவார். பணம் முழுக்கத் தீர்ந்தால் அந்த வரியை அழித்துவிடுவார். ஆயுள் பலகை என்போம். சராசரி ஆயுள் நாற்பத்தொரு நாள். புது எண் ஏறினால் எத்தனை நாள் தாங்கும் என்று ஆளுக்கு ஒரு எண் சொல்வோம். எண் அழியும் அன்று, அந்தக் கணக்கைப் பிடித்தவன் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். மிக அருகில் சொன்னவனுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் சேர்த்து.

டியூஷனின் அண்ணன் என் கையில் வந்த கணக்கு. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வுப் பணம் கைக்கு வந்த வாரமே பேசினேன். நல்ல மனிதர், ஒவ்வொரு தடவையும் "சாப்பிட்டீங்களா தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார். முப்பத்து மூன்று நாள் தாங்கினார். நான் டீ வாங்கினேன். டியூஷனும் குடித்தான். சர்க்கரை கம்மி என்றான்.



ஏழாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. நான் ஒரு அழைப்பை முடித்துவிட்டுக் ஹெட்போனைக் கழற்றினேன். பக்கத்தில் டியூஷன் பேசிக்கொண்டிருந்தான்.

"நல்ல கேள்வி சார். நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி. அரை நூல் தப்பினா வேலை குப்பைதான். இங்கயும் அதேதான் சார். அளவு தெரிஞ்சவங்களுக்குத்தான் இது. நிலம் வாங்கி விக்கறதுக்கு அளவு எதுக்கு? கண்ணு இருந்தாப் போதும்."

நூல் என்பது பட்டறை அளவு. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மாமா உலகத்தையே அதில்தான் அளப்பார். சோறு குழைந்தால் "அரை நூல் தண்ணி கூடிப்போச்சு". அக்கா கோபித்தால் "உனக்கு வாய் அரை நூல் நீளம்". என்னைப் பற்றிக் கேட்டால் "பையன் நல்லவன், அரை நூல் வளைவு".

அவன் பேசி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு மாடிப்படிக்குக் கூட்டிப்போனேன்.

"அது யாரு, பட்டறைக்காரரா?"

"உன் லிஸ்ட்ல அம்பதாவது." டியூஷன் பாக்கெட்டில் கைவிட்டுக்கொண்டு நின்றான். "கல்லு மாதிரி இருந்தார். மூணு மாசம் பிடிச்சுது. இப்ப மூணு வாரமா பயிற்சிக் கணக்குல விளையாடறார். ரெண்டு மடங்கு ஆக்கிட்டார்."

பயிற்சிக் கணக்கில் விலை நிஜம், பணம் பொய். கை நடுங்காது. அதனால் எல்லோரும் ஜெயிப்பார்கள்.

"அவர் எங்க அக்கா புருஷன்."

"அதான் லிஸ்ட்ல எழுதியிருக்கியே. அழகா எழுதியிருக்க. 'பின்தெருவில் ஒரு மனை, இருவர் பேரிலும்.'"

"விட்டுடு டியூஷன்."

"விட்டாச்சு. நான் ஒண்ணும் பண்ணல. வியாழக்கிழமை பத்திரம்னு அவரே போன் பண்ணிச் சொல்றார். இனிமே நான் எடுக்கலைன்னா அந்த நாற்காலி, அந்த நாற்காலி இல்லைன்னா மேடம்." பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "எங்கண்ணன் இப்ப ஸ்கூல் வேன் ஓட்டறார். அறுபத்திரண்டு வயசுல. நான் உன்னை ஏதாவது கேட்டேனா?"

கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்தேன். இவன் சொன்னதையேதான் சொல்லியிருப்பேன்.

புதன்கிழமை காலை தூங்காமல் அக்கா வீட்டுக்குப் போனேன். முன்பக்கம் தகரக் கூரை போட்ட பட்டறை, பின்பக்கம் இரண்டு அறை. இரண்டும் வாடகை. வழக்கமாகத் தெருமுனையிலேயே கடைசல் மெஷின் சத்தம் கேட்கும். அன்று கேட்கவில்லை.

மாமா முக்காலியில் உட்கார்ந்திருந்தார். வேலைக்குத் தகடு பிடிக்கும் இடுக்கியில், துணி சுற்றி, போனை நிறுத்தி வைத்திருந்தார். திரையில் கோடு மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. மெஷினின் வாயில் பாதி கடைந்த தண்டு ஒன்று அப்படியே நின்றது. அதில் மெல்லிதாகத் துரு பூத்திருந்தது.

"வா மாப்ள! என்ன, ஆந்தை பகல்ல பறக்குது?"

"மெஷின் ஏன் ஓடல மாமா?"

"ஓடும், ஓடும். ஒரு தண்டு கடைஞ்சா என்ன மிஞ்சுது? அதே நேரத்துல இங்க பாரு." இடுக்கியில் இருந்த போனைக் காட்டினார். "காலையில பல் தேய்ச்சுக்கிட்டே ஒரு வார வாடகை. பயிற்சிதான், ஆனா விலை நிஜ விலை."

"மனையை விக்கறீங்களாமே."

"அக்கா சொல்லிட்டாளா? அவளுக்கு வாய் அரை நூல்..." என்று ஆரம்பித்து, உள்ளே பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நீயே சொல்லு. மனையை வெச்சு என்ன பண்ண? புல்லு முளைக்குது. திடீர்னு பணம் வேணும்னா ராத்திரி ரெண்டு மணிக்கு விக்க முடியுமா?"

அவர் நிறுத்தவில்லை. தங்கம், தலையில் துண்டு, வட்டியைத் தின்னும் விலைவாசி, ஒரு பங்கு, நூறு பங்கு. ஒரு சொல் பிசகவில்லை. படிப்பவன் மூச்சு வாங்கட்டும் என்று நான் புள்ளி வைத்திருந்த இடங்களில் சரியாக மூச்சு வாங்கினார்.

"யாரையும் கேக்க வேண்டியதில்ல மாப்ள. தரகன் இல்ல, சாட்சி இல்ல. நான், என் விரல். இந்த விரல் இருபத்தாறு வருஷமா நூல் பிசகாத விரல்."

அக்கா உள்ளிருந்து கூப்பிட்டாள். போனேன். சமையல் மேடையில் சாய்ந்து நின்றாள். ஒன்பது வருடம் பெட்டி மடிக்கும் தொழிற்சாலையில் நின்று சேர்த்த பணத்தில் பாதி அந்த மனையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் புல் பிடுங்கிவிட்டு வருவாள். நான்கு மூலைக்கல்லையும் தண்ணீர் ஊற்றிக் கழுவுவாள். எதற்கு என்று கேட்டால் "நம்ம கல்லு" என்பாள்.

"நாளைக்குப் பதினொரு மணிக்குப் பதிவு ஆபீஸ்," என்றாள். "என் கையெழுத்து இல்லாம விக்க முடியாது. ரெண்டு நாளா அவர் சாப்பாட்டைக்கூட ஒழுங்காச் சாப்பிடல, என் மூஞ்சியவே பாக்கறார். எனக்கு ஒண்ணும் புரியல தம்பி. நீ படிச்சவன்..."

"பாதிதான் படிச்சேன்."

"பாதியாவது படிச்ச. நீ போடுன்னா போடறேன். போடாதேன்னா, அவர் தலைகீழா நின்னாலும் போட மாட்டேன்."

"போடாதே."

"ஏன்?"

அந்த ஒரு சொல்லுக்குப் பதில் சொல்லாமல் அங்கிருந்து கிளம்பியிருக்க வேண்டும். இன்றுவரை அப்படித்தான் நினைக்கிறேன். வங்கி சம்பந்தமான இரவு வேலை என்றுதான் வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். ஆனால் அக்கா ஏன் என்று கேட்டால் எனக்குப் பொய் வராது. மாமாவையும் உள்ளே கூப்பிட்டேன். இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன்.

"மாமா, உங்ககிட்ட பேசறவன் என் பக்கத்து சீட்டு. உங்க நம்பரைக் கொடுத்தது நான். அவன் உங்களுக்குப் படிச்சுக் காட்டினது நான் எழுதினது. ராத்திரி ரெண்டு மணி, தலையில துண்டு, எல்லாம் நான்."

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும்.

"அடப்பாவி!" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. "நீ எழுதினதா? ஏண்டி, கேட்டியா? உன் தம்பி எழுதினதாம்! மூணு மாசமா எவனோ தெரியாதவன் பேசறானேன்னு அரை நூல் சந்தேகம் இருந்துச்சு. முன்னாடியே சொல்றதுக்கென்ன? நம்ம ஆளு உள்ளயே இருக்கான்!"

"மாமா, கேளுங்க. அங்க எல்லாரும் தோக்கறாங்க. சுவத்துல பலகை இருக்கு. ஒரு கணக்கு எத்தனை நாள் உயிரோட இருக்குன்னு எழுதறோம். நாப்பத்தொரு நாள்தான் சராசரி."

"எல்லாருமா? ஒருத்தன்கூட நிலைக்கலையா?"

"ஒருத்தர் நூத்திப் பன்னெண்டு நாள்."

"ஆங்! அவர் என்ன பண்ணினார்?"

"ஆஸ்பத்திரியில கிடந்தார். போனைத் தொடல. வீட்டுக்கு வந்து நாலாம் நாள் போச்சு."

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அக்காவுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"நீங்க தோத்தா அந்தப் பணம் கம்பெனிக்கு மாமா. எதிர்ல நிக்கறது கம்பெனிதான்."

"எதிர்ல யாராவது நின்னாத்தானே வியாபாரம்? மனை வாங்கறவன் எனக்கு நட்டம் வரட்டும்னு நினைச்சுத்தானே விலை பேசறான்?" பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, ஒரு தண்டின் வளைவைக் கண்ணருகே பிடித்துப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "ஒண்ணு மட்டும் சொல்லு. நீ எழுதினதுல எது பொய்?"

யோசித்தேன். உண்மையாகவே ஒவ்வொரு வரியாக யோசித்தேன்.

"எதுவும் இல்ல."

"முடிஞ்சுது," என்றார் மாமா.

அக்கா மட்டும் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் கணக்கு அவளுக்குத்தான் வரும். சரியான கேள்வியை அவள்தான் கேட்டாள்.

"நீ உன் காசை இதுல போட்டிருக்கியா?"

"இல்லக்கா. ஒரு பைசா போடல."

அவள் கண் சுருங்கியது. பிடித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். எனக்கு உயிர் வந்தது.

"அவன்கிட்ட ஏதுடி காசு?" என்றார் மாமா. "செருப்பு அறுந்து ஊக்கு குத்தியிருக்கான், பாரு."

அக்கா குனிந்து என் செருப்பைப் பார்த்தாள். ஊக்கு இருந்தது. அவளால் அடக்க முடியவில்லை, வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே என் தலையில் தட்டினாள். அந்தச் சிரிப்போடு அவள் கண்ணில் இருந்தது போய்விட்டது. நான் பயந்தாங்கொள்ளி, எதையும் பாதியில் விடுகிறவன், நாலு காசைச் சேர்த்துப் பார்க்காதவன். என் பயத்தை வைத்து யார் முடிவெடுப்பார்கள்?

"நீ உள்ள இருக்கும்போது எங்களுக்கென்ன தம்பி," என்றாள். "ஏதாவதுன்னா பாத்துக்க மாட்டியா?"

வியாழக்கிழமை பதிவு அலுவலகத்துக்கு நானும் போனேன். கடைசி நிமிடத்தில் அக்கா மனம் மாறினால் பக்கத்தில் இருக்கலாம் என்று போனேன். பழுப்புக் கோப்புகளும் கோந்து வாசனையும் உள்ள நீளமான அறை. எங்கள் முறை வர மூன்று மணி நேரம் ஆனது. எழுத்தர் ஒரு எழுத்துப் பிழையைக் கண்டுபிடித்து, திருத்தி வரச் சொன்னார். மாமா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "பாத்தியா? இதைத்தான் நீ எழுதியிருக்க," என்றார்.

அந்த மூன்று மணி நேரத்தில்தான் எனக்கு அது உறைத்தது. நிலத்தின் குறை என்று நான் எழுதியதெல்லாம் அக்காவுக்குக் காவல். தரகன் ஏன் விற்கிறாய் என்று கேட்பான். எழுத்தர் பிழை கண்டுபிடிப்பார். மனைவி கையெழுத்துப் போட வேண்டும். பேனாவைக் கையில் வாங்கிய பிறகும் ஒரு தடவை யோசிக்க நேரம் இருக்கும். அக்காவுக்கு அந்த நேரம் இருந்தது. பேனாவை வாங்கி, என்னைத்தான் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. அவள் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

சாட்சிக்கு வர வேண்டிய ஆள் வரவில்லை.

"மாப்ள, நீ ஒண்ணு போடு," என்றார் மாமா.

நான் மறுத்தால் வாசலில் நிற்கும் எவனாவது ஒரு டீக்குப் போட்டுவிட்டுப் போவான். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போட்டேன். எழுத்தர் என் கையெழுத்தின் மேல் முத்திரை குத்தினார்.

திங்கட்கிழமை மாலை பலகையில் புது எண் ஏறியிருந்தது. பக்கத்தில் 1. டியூஷன்தான் எழுதினான். நாற்காலிகளில் இருந்து ஆளுக்கு ஒரு எண் வந்தது. முப்பது. நாற்பத்தைந்து. கடைசல்காரர் என்றால் நிதானமானவர், அறுபது. மேடம் என் பக்கம் திரும்பினார்.

"உங்க ஆளுதானே? நீ சொல்லு."

கடைசலில் பிசகு நடந்தால் மாமா தண்டைத் தூக்கிப் போட மாட்டார். இன்னும் கொஞ்சம் சீவினால் சரியாகிவிடும் என்பார். இந்தப் பக்கம் அரை நூல், அந்தப் பக்கம் அரை நூல். நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். கைத்தடி கனத்தில் இருந்த இரும்பு, மாலைக்குள் பென்சில் ஆகியிருக்கும். ஆனால் நேராக இருக்கும். நேராக்கிவிட்டேன் பார் என்று அதைக் காட்டவும் செய்வார்.

"பத்தொன்பது," என்றேன்.

அறையில் எவனோ சீட்டி அடித்தான். டியூஷன் தலை நிமிரவில்லை. குறித்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் மாமா எனக்கே போன் செய்தார். பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. "மாப்ள, ரெண்டு மணிக்கு முழிச்சுக்கிட்டேன். சந்தை திறந்திருக்கு! நீ எழுதின மாதிரியே!" லாபத்தில் இருந்தார். எடுத்துவிடுங்கள் என்றேன். "இப்பத்தான் கை படியுது," என்றார்.

எட்டாம் நாள், நட்டம் ஒரு அளவைத் தொட்டால் தானாகவே வியாபாரத்தை மூடும் வசதி இருக்கிறதே, அதைப் போட்டு வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். போட்டிருக்கிறாராம். விலை கிட்டே வரும்போதெல்லாம் அரை நூல் தள்ளி வைக்கிறாராம்.

பதினொன்றாம் நாள் அக்கா பேசினாள். "தூங்கறதே இல்ல தம்பி. நான் எழுந்து பாத்தா இருட்டுல மூஞ்சி மட்டும் தெரியுது, போன் வெளிச்சத்துல. பட்டறையில ரெண்டு பேர் வேலையைத் திருப்பி எடுத்துட்டுப் போயிட்டாங்க. உங்க ஆபீஸ்ல சொல்லிக் கொஞ்சம் பாத்துக்கச் சொல்லேன்."

அன்று மேடத்திடம் போய்க் கேட்டேன், அந்தக் கணக்கை மூடி மீதியைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று.

"அவர் கேட்டா அஞ்சு நிமிஷத்துல கொடுத்துடுவோம்," என்றார் மேடம். "நீயே எழுதியிருக்கியே, யாரையும் கேக்க வேண்டியதில்லன்னு. அவர் கேக்கறாரா?"

அவர் கேட்கவில்லை.

பதினேழாம் நாள் ஷிப்ட் தொடங்கும்போது பலகையில் அந்த வரி இல்லை. மேடத்தின் துடைப்பான் கடந்து போன இடம் ஈரமாகப் பளபளத்தது. டியூஷன் கீழே போய் டீ வாங்கி வந்தான். இருபத்திரண்டு கோப்பையையும் வைத்துவிட்டு, கடைசியாக என் மேசையில் பிஸ்கட் பாக்கெட்டை வைத்தான்.

"சர்க்கரை போடச் சொல்லியிருக்கேன்," என்றான்.

அவன் போகவில்லை. நான் குடிக்கிறேனா என்று பார்த்தபடி நின்றான். அவன் அண்ணன் எண் அழிந்த அன்று நான் வாங்கிய டீயை அவன் குடித்தான் அல்லவா. குடித்தேன். சர்க்கரை சரியாக இருந்தது.

விடிந்து வெளியே வந்தபோது அக்காவிடம் இருந்து நான்கு அழைப்புகள் வந்து போயிருந்தன. டயர் கடை வாசலில் நின்று கூப்பிட்டேன். அவள் அழவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

"எல்லாம் போச்சாம்," என்றாள். "சொல்லிட்டார். ஒரே ஒரு நாள், அரை நூல்தான் தப்பிச்சுதாம். இப்பத்தான் எங்க பிசகினோம்னு பிடிபட்டிருக்காம். உன் ஃபிரண்டு ராத்திரியே போன் பண்ணி ஆறுதல் சொன்னாராம். நல்ல மனுஷன்னு சொல்றார்."

"அக்கா, அவர்கிட்ட போனைக் கொடு."

"பட்டறையில இருக்கார். ஆளுங்க வந்திருக்காங்க."

போனில் இரும்பு தரையில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு குரல், பிடி, பிடி, கால் பத்திரம் என்றது. நாலைந்து பேர் சேர்ந்து மூச்சை இழுத்துத் தூக்கினார்கள்.

"என்னக்கா அது?"

"மெஷினை எடுக்கறாங்க. நேத்தே விலை பேசிட்டாராம், மறுபடி அதுலயே போடறதுக்கு. நான் கையெழுத்துப் போட மாட்டேன்னுதான் சொன்னேன் தம்பி. சத்தியமாச் சொன்னேன். மெஷின் அவர் பேர்ல மட்டும்தான் இருக்காம். என் கையெழுத்து வேண்டாமாம்."